எண்களாக வந்து சேரும் நிலம்

நாளிதழ்களில் அச்சாகும் செயற்கைக்கோள் படம் பார்வைக்கு ஒளிப்படம் போலத் தோன்றினாலும், அடிப்படையில் அது எண்களின் அட்டவணையே என்பதைத் தொலையுணர்வுப் பாடத்தைப் பல்கலைக்கழகத்தில் பயில வரும் மாணவர் முதலில் உணர வேண்டியுள்ளது. தரையிலிருந்து எதிரொளிக்கும் சூரிய ஒளியை வானிலுள்ள உணர்கருவி அளந்து, நிலப்பரப்பைச் சிறு சதுரங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை இடுகிறது. பிக்சல் எனப்படும் அச்சதுரத்தின் பக்க அளவு லேண்ட்சாட் வரிசையின் பெரும்பாலான பட்டைகளில் 30 மீட்டர். சென்டினல்-2 செயற்கைக்கோளின் சில பட்டைகளில் 10 மீட்டர். பட்டை என்பது உணர்கருவி தனித்து அளக்கும் அலைநீள வரம்பைக் குறிக்கும்.

கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புப் பட்டையே இப்பாடத்தின் உயிர்நாடி. செழித்த இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ள, இலையின் உள்ளமைப்போ அண்மை அகச்சிவப்பைப் பெருமளவு திருப்பியனுப்புகிறது. ஆகவே இவ்விரு பட்டைகளின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் -1 முதல் 1 வரை அமையும் தாவரக் குறியீடு கிடைக்கிறது. இந்தியத் தொலையுணர்வின் தந்தை எனப் போற்றப்படும் பி. ஆர். பிஷரோட்டி, 1970-ஐ ஒட்டிக் கேரளத் தென்னந்தோப்புகளின் மேல் ஹெலிகாப்டரில் பறந்து எடுத்த அகச்சிவப்புப் படங்களால் வாடல் நோயைக் கண்டறிய முயன்றதும் இலையின் இந்த இயல்பை நம்பியே.

வளிமண்டலத்தால் நேரும் பிழைகளை நீக்குவதும், படத்தை நிலவரைபடத்தோடு பொருத்துவதும் இன்று மென்பொருள்கள் விரைந்து முடித்துவிடும் வேலைகள். கடினமானது வகைப்படுத்தல், அதாவது எந்தப் பிக்சல் வயல், எது நீர், எது குடியிருப்பு எனப் பிரிக்கும் பணி. மாணவர் தாம் அறிந்த இடங்களை மாதிரிகளாகக் காட்ட, கணினி அவற்றின் எண்ணியல்பை ஒத்த பிற பிக்சல்களைத் தேடிச் சேர்க்கிறது. இராமநாதபுரத்தில் வறண்ட கண்மாய்க்குள் மண்டியிருக்கும் சீமைக் கருவேலமும் பயிரும் ஒரே நாளின் படத்தில் ஒன்றுபோல் தெரியக்கூடும். வெவ்வேறு பருவங்களின் படங்களை ஒப்பிட்டால், அறுவடைக்குப் பின்னும் பசுமை மாறாத மரம் தனித்துப் புலப்படும். இதை ஊகிக்க நிரலறிவு போதாது, ஊரறிவும் வேண்டும்.

வண்ணம் தீட்டிய வரைபடத்தோடு பணி முடிந்ததாகக் கருதுவது மாணவரிடம் மட்டுமின்றி அலுவலகங்களிலும் காணப்படும் குறை. தரையில் சரிபார்த்த இடங்களோடு வரைபடத்தை ஒப்பிட்டு, எந்த வகை எதனோடு குழம்பியது என்று பிழை அட்டவணையில் காட்டிய பின்னரே அது நம்பத்தக்கதாகும். அப்போதும் மொத்தத் துல்லியம் ஏமாற்றக்கூடும்: 90 விழுக்காடு நெல் வயலான பகுதியில் அனைத்தையும் நெல் என்றே எழுதிவைத்தாலும் 90 விழுக்காடு மதிப்பெண் கிடைத்துவிடும், ஆனால் அங்குள்ள குளங்கள் ஒன்றுகூடக் கண்டறியப்பட்டிரா.

டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் 1966 முதல் இத்துறையில் பயிற்சியளித்து வருகிறது; சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் இதற்கெனத் தனி நிறுவனம் உண்டு. லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசமாகக் கிடைப்பதாலும், கியூஜிஐஎஸ் போன்ற கட்டணமில்லா மென்பொருள்கள் இருப்பதாலும் கணினிப் பயிற்சியை வீட்டிலேயே தொடங்கிவிடலாம். எனவே இப்படிப்பில் சேர விரும்புவோர், ஆய்வகத்தில் எத்தனை கணினிகள் உள்ளன என்பதைவிட, பாடத்திட்டத்தில் கள ஆய்வுக்கு எத்தனை நாள் ஒதுக்கப்பட்டுள்ளது என்பதை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.