குட்டி போடும் கடல்மீன்

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கரையில் உள்ள சாசலிட்டோவில், 1852-இல் ஏ. சி. ஜாக்சன் என்பவர் தூண்டிலில் சிக்கிய மீன் ஒன்றை இரைக்காக அறுத்தார். வயிற்றிலிருந்து உயிருள்ள குஞ்சு வெளியே வந்தது. அவர் எழுதிய கடிதம் ஹார்வர்டு அறிஞர் லூயி அகாசிக்குப் போய்ச் சேர, 1853-இல் புதிய மீன் குடும்பம் ஒன்றையே அகாசி அறிவித்தார். சர்ஃப் பெர்ச் என்று அழைக்கப்படும் அந்தக் குடும்பத்தில், அக்கரையோரம் அதிகம் தென்படுவது ஷைனர் பெர்ச். அலாஸ்காவிலிருந்து மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா வரை கடற்புல் படுகைகளிலும் படகுத்துறைகளின் அடியிலும் திரியும், உள்ளங்கையில் அடங்கும் வெள்ளி மீன்.

சினைப்பையில் ஊட்டம்

நம் வீட்டுத் தொட்டியில் வளரும் கப்பியும் குட்டி போடும் மீன்தான். ஆனால் அதன் கரு பெரும்பாலும் முட்டையிலுள்ள மஞ்சள் கருவைத் தின்றே வளர்கிறது. ஷைனரின் முட்டை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மஞ்சள் கரு பேருக்குத்தான். எனவே தாயின் சினைப்பையில் சுரக்கும் சத்துநீரே கருவுக்கு உணவு. கரு அதை விழுங்க, அளவுக்கு மீறிப் பெருத்த பின்குடல் சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கருவின் துடுப்பு ஓரங்களில் ரத்த நாளங்கள் நிறைந்த மெல்லிய மடல்கள் முளைக்கின்றன. தாயிடமிருந்து ஆக்சிஜன் வாங்குவது அவற்றின் வேலை.

கூடல் ஒரு பருவம், கரு ஒரு பருவம்

கோடையில் ஆண் உடல் கறுத்துத் துணை தேடும். கூடிய உடனே பெண் கருத்தரிப்பதில்லை. முட்டைகள் அப்போது முதிர்ந்திருக்காது. விந்தணுக்களைச் சினைப்பையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு வைத்திருந்து, குளிர்காலத்தை ஒட்டித்தான் கருத்தரிக்கிறாள். இரை மலிந்த அடுத்த கோடைக்குள் குஞ்சுகள் பிறந்துவிடுகின்றன. ஒவ்வொன்றும் சுமார் 4 செ.மீ. நீளம். ஆண் குஞ்சு பிறக்கும்போதே, அல்லது பிறந்த சில நாள்களிலேயே, விந்தணு கொண்டதாக இருக்கிறது. பெண் குஞ்சும் அந்தக் கோடையிலேயே கூடி, மறு ஆண்டு தாயாகிவிடும்.

இத்தனை செலவழித்து வளர்ப்பதால் எண்ணிக்கை குறைவு. சிறிய தாய்க்கு ஐந்தாறு குஞ்சுகள், பெரியவளுக்கு முப்பதைத் தாண்டலாம். லட்சக்கணக்கில் முட்டையிடும் கடல்மீன்களோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை.

ஊர்விட்டுப் போகாத மீன்

முட்டையிடும் கடல்மீன்களின் இளம்புழுக்கள் (லார்வாக்கள்) நீரோட்டத்தில் எங்கெங்கோ போய்ச் சேரும். ஷைனருக்கு அந்தப் பருவமே கிடையாது. குளிரில் சற்று ஆழத்துக்குப் போனாலும், பெரும்பாலும் பிறந்த வட்டாரத்தை ஒட்டியே வாழ்கிறது. அதனால் அந்த இடத்து நஞ்சும் அதன் உடம்பில் சேர்கிறது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் எந்தப் பகுதியில் மாசு அதிகம் என்று கண்டறிய ஆய்வாளர்கள் இந்த மீனைப் பிடித்துச் சோதிக்கிறார்கள். மின்மாற்றிகளில் பயன்பட்ட பிசிபி என்ற வேதிப்பொருளின் உற்பத்தியை அமெரிக்கா 1979-இல் தடை செய்தது. என்றாலும் விரிகுடாவின் சேற்றில் தங்கிவிட்ட பிசிபி இந்த மீனின் கொழுப்பில் ஏறிக்கொண்டிருக்கிறது. அங்கே பிடிபடும் சர்ஃப் பெர்ச் எதையும் யாரும் உண்ண வேண்டாம் என்பது கலிபோர்னியா மாநிலத்தின் அறிவுரை.

தாய் தன் குஞ்சை முட்டைப் பருவத்து ஆபத்துகளிலிருந்து முழுமையாகக் காத்துவிடுகிறாள். பிறந்த பிறகு அதைக் காக்க வேண்டியது அந்த விரிகுடாவின் தண்ணீர். அது கெட்டால், வேறொரு கரையிலிருந்து மிதந்து வந்து இடத்தை நிரப்ப இந்த இனத்துக்கு இளம்புழுக்கள் இல்லை.