ஆயிரத்தில் ஒருவன் (1965 திரைப்பட இசை)

ஆயிரத்தில் ஒருவன் என்பது 1965 ஜூலை 9 அன்று வெளியான அதே பெயருடைய தமிழ்த் திரைப்படத்தின் பாடல்களைக் கொண்ட இசைத்தொகுப்பு ஆகும். இதற்கு எம். எஸ். விசுவநாதன், டி. கே. இராமமூர்த்தி இருவரும் இணைந்து இசையமைத்தனர். 13 ஆண்டுகள் தமிழ் மெல்லிசையின் முதன்மைப் பெயராக விளங்கிய இந்த இணை அதே ஆண்டில் பிரிந்தது. அதனால் இது அவர்களின் முதற்கட்டக் கூட்டுப் பணியின் கடைசிப் படமாகக் கருதப்படுகிறது. மீண்டும் இருவரின் பெயரும் ஒன்றாகத் திரையில் வர 30 ஆண்டுகள் ஆயின.

பின்னணி

இராமமூர்த்தி 1922இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த வயலின் கலைஞர். விசுவநாதன் 1928இல் பாலக்காடு அருகேயுள்ள எலப்புள்ளியில் பிறந்தவர். ஆர்மோனியம் வாசித்தும் பாடிக்காட்டியும் மெட்டமைப்பவர். இருவரும் இசையமைப்பாளர் சி. ஆர். சுப்பராமனின் குழுவில் பணியாற்றினர். 1952இல் சுப்பராமன் இளம் வயதில் மறைந்தபோது, அவர் முடிக்காமல் விட்ட பணிகளை இவர்கள் நிறைவு செய்தனர். அதே ஆண்டில் என். எஸ். கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' படத்தில் இணையாக அறிமுகமாயினர். வயதில் மூத்தவர் இராமமூர்த்தி என்றாலும் விசுவநாதனின் பெயரே முதலில் இடம்பெற்றது. இந்த வரிசையை என். எஸ். கிருஷ்ணனே முடிவு செய்தார் என்று கூறப்படுகிறது.

1963இல் சென்னை திருவல்லிக்கேணி கல்ச்சுரல் அகாடமி நடத்திய விழாவில் இவர்களுக்கு 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டம் வழங்கப்பட்டது. சிவாஜி கணேசன் பட்டத்தை வழங்கினார். 1965 வரை ஏறத்தாழ 100 படங்களுக்கு இவர்கள் சேர்ந்து இசையமைத்தனர்.

படத்தைச் சூழ்ந்த பிரிவுகள்

இந்தப் படம் உருவான காலத்தில் இசையமைப்பாளர்கள் மட்டுமன்றி, படத்தோடு தொடர்புடைய வேறு சிலரும் பழைய உறவுகளிலிருந்து விலகியிருந்தனர்.

தயாரிப்பாளரும் இயக்குநருமான பி. ஆர். பந்துலு அதுவரை சிவாஜி கணேசனை வைத்து 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'கப்பலோட்டிய தமிழன்', 'கர்ணன்' போன்ற பெரும் படங்களை எடுத்தவர். 1964 தீபாவளியன்று பந்துலுவின் 'முரடன் முத்து', ஏ. பி. நாகராசனின் 'நவராத்திரி' ஆகிய இரண்டும் வெளியாயின. சிவாஜியின் 100ஆவது படம் என்ற சிறப்பு 'நவராத்திரி'க்குச் சென்றதால் பந்துலு மனக்கசப்புற்றார். அதன்பின் அவர் எம். ஜி. இராமச்சந்திரனை வைத்து எடுத்த முதல் படமே 'ஆயிரத்தில் ஒருவன்'.

கவிஞர் கண்ணதாசன் 1961இல் தி.மு.க.விலிருந்து விலகினார், எம்.ஜி.ஆர் அக்கட்சியிலேயே இருந்தார். இந்த அரசியல் இடைவெளியில் எம்.ஜி.ஆர் படங்களின் பாடலாசிரியராக வாலி உயர்ந்தார். 1964இல் வெளியான 'படகோட்டி'யின் எல்லாப் பாடல்களையும் அவரே எழுதினார். 'ஆயிரத்தில் ஒருவன்' படத்திலோ இருவரின் பாடல்களும் இடம்பெற்றன.

பாடல்கள்

கொடுங்கோல் ஆட்சியில் அடிமையாக விற்கப்படும் மருத்துவன் மணிமாறனின் கதை இது. மணிமாறனாக எம்.ஜி.ஆரும், தீவுத் தலைவரின் மகள் பூங்கொடியாக ஜெயலலிதாவும் நடித்தனர். எம்.ஜி.ஆருடன் ஜெயலலிதா நடித்த முதல் படம் இது. அவருடைய முதல் தமிழ்ப் படமான 'வெண்ணிற ஆடை'க்கும் (1965) விசுவநாதன்–இராமமூர்த்தியே இசையமைத்திருந்தனர்.

தொகுப்பில் ஏழு பாடல்கள் உள்ளன. முதன்மைப் பாடகர்கள் டி. எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் ஆவர்.

கண்ணதாசன் எழுதியவை: 'அதோ அந்தப் பறவை போல', 'ஓடும் மேகங்களே', 'நாணமோ'.

வாலி எழுதியவை: 'ஏன் என்ற கேள்வி', 'பருவம் எனது பாடல்', 'உன்னை நான் சந்தித்தேன்', 'ஆடாமல் ஆடுகிறேன்'.

இவற்றில் 'அதோ அந்தப் பறவை போல' விடுதலையை நாடும் மனிதர்கள் கப்பலில் பாடுவதாக அமைந்தது. ஒற்றைக் குரலும் குழுவினரின் கோரசும் மாறி மாறி வரும் இப்பாடல் படத்தின் அடையாளமாகவே நிலைத்துவிட்டது. 'ஏன் என்ற கேள்வி' கேள்வி கேட்கும் உரிமையைப் பேசுவது, எம்.ஜி.ஆரின் கொள்கைப் பாடல்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. 'நாணமோ' காதல் இணைப்பாடல். 'ஆடாமல் ஆடுகிறேன்' கதாநாயகியின் துயரத்தைச் சொல்வது. ஊக்கம், காதல், ஏக்கம், துயரம் என வெவ்வேறு உணர்வுகளுக்கு வெவ்வேறு நடையில் மெட்டமைத்திருந்தாலும், எல்லாப் பாடல்களும் ஒரே கையால் செய்தவை போல இருக்கின்றன. பிரியப்போகும் இருவரின் வேலை என்பதற்கான சுவடு எந்தப் பாடலிலும் இல்லை.

பிரிவு

இக்காலத்தை ஒட்டி மேற்கில் பிரிந்த பீட்டில்ஸ் குழுவின் 'லெட் இட் பி' இதற்கு நேர்மாறானது. 1969 ஜனவரியில் அதன் ஒத்திகைகளின்போது எழுந்த பூசல்கள் படப்பிடிப்புக் கருவியிலேயே பதிவாயின. குழு பிரிந்த செய்தி வெளிவந்த அடுத்த மாதம், 1970 மே மாதத்தில், தொகுப்பு வெளியானது. மெல்லிசை மன்னர்களின் பிரிவுக்கு அவ்வாறான பதிவு எதுவும் கிடையாது. அதனால் காரணங்கள் குறித்து பலவிதமான பேச்சுகள் எழுந்தன.

பணிகளை எப்படிப் பகிர்ந்துகொண்டனர் என்பதும் தொடர்ந்து விவாதிக்கப்பட்டது. மெட்டு விசுவநாதனுடையது, வாத்திய இசையும் மரபிசை நுணுக்கமும் இராமமூர்த்தியுடையவை என்பது பரவலான கருத்து. ஆனால் ஒரே பெயரில் 13 ஆண்டுகள் வெளிவந்த பாடல்களை அப்படிக் கறாராகப் பிரிப்பது எளிதன்று.

பிரிவுக்குப் பின்

1965ஆம் ஆண்டிலேயே 'கலங்கரை விளக்கம்', 'நீலவானம்' ஆகிய படங்கள் விசுவநாதனின் தனி இசையில் வெளியாயின. தொடர்ந்து அவர் நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார். இராமமூர்த்தி 1966இல் 'சாது மிரண்டால்', 'தேன் மழை', 'மறக்க முடியுமா' முதலிய படங்களுக்கு இசையமைத்தார். அவரது பாடல்கள் பாராட்டுப் பெற்றபோதிலும், தனியாக அவருக்கு ஏறத்தாழ 20 படங்களே வாய்த்தன. பிரிவின் விலையை இருவரும் சமமாகக் கொடுக்கவில்லை என்பதை இந்த எண்ணிக்கை காட்டுகிறது.

1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்திற்காக இருவரும் மீண்டும் இணைந்தனர். 2012இல் அப்போதைய தமிழக முதலமைச்சர் ஜெயலலிதா இருவருக்கும் 'திரையிசைச் சக்கரவர்த்தி' பட்டமும், தலா 60 பொற்காசுகளும் காரும் வழங்கினார். அவர்களின் முதற்கட்டக் கூட்டுப் பணியின் கடைசிப் படத்தில் பூங்கொடியாக நடித்தவரே, 47 ஆண்டுகள் கழித்து இருவரையும் ஒரே மேடையில் சிறப்பித்தார். இராமமூர்த்தி 2013 ஏப்ரல் 17 அன்றும், விசுவநாதன் 2015 ஜூலை 14 அன்றும் காலமாயினர்.

2014 மார்ச் மாதத்தில் 'ஆயிரத்தில் ஒருவன்' டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்து, சென்னையில் 175 நாட்களைக் கடந்து ஓடியது.