பெர்சியஸ் கொத்தின் வெப்ப வளிமமும் நிக்கல் அளவும்

விண்மீன் பேரடைக் கொத்துகளில் சாதாரணப் பருப்பொருளின் பெரும்பகுதி விண்மீன்களில் இல்லை. பேரடைகளுக்கிடையே பரவி எக்ஸ் கதிர் உமிழும் வெப்ப வளிமமாகவே உள்ளது. மீவிண்மீன் வெடிப்புகள் ஈன்ற தனிமங்கள் அதில் தேங்குவதால், வளிமத்தின் நிறமாலை அவ்வெடிப்புகளின் இயல்பையும் உணர்த்தும். பெர்சியஸ் கொத்தின் மையத்தில் இரும்பை நோக்க நிக்கல் கதிரவனில் உள்ளதைவிட மிகுதி என முந்தைய ஆய்வுகள் கருதின. ஆயின், அவற்றின் உணரிகளால் நிக்கல் வரியை அதனை ஒட்டிய இரும்பு வரியினின்று பிரித்தறிய இயலவில்லை. 2016இல் ஏவப்பட்டு, ஆறு வாரங்களுக்குள் செயலிழந்த ஜப்பானின் ஹிட்டோமி செயற்கைக்கோள், ஏறத்தாழ 5 எலக்ட்ரான் வோல்ட் பகுதிறனால் அவற்றைப் பிரித்துக் காட்டியது. குரோமியம், மாங்கனீசு, நிக்கல் ஆகியவை இரும்புடன் கொண்ட விகிதம் கதிரவ விகிதத்தை ஒட்டியே அமைந்தது. மாங்கனீசும் நிக்கலும் இவ்வளவு உருவாக, சந்திரசேகர் எல்லையை நெருங்கிய வெண்குறு விண்மீன்களும் வெடித்திருத்தல் வேண்டும். எல்லைக்கு மிகக் குறைந்த நிறையுடையவை மட்டும் போதா.