கம்ப்யூட்டரில் கடற்கரை வரைவது எப்படி?

ரயில்வே ஸ்டேஷன்களில் ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் பலகையைப் பார்த்திருப்பீர்கள். சராசரி கடல் மட்டத்துக்கு மேல் அந்த இடம் எத்தனை மீட்டர் உயரம் என்று அதில் குறித்திருக்கும். ஐந்நூறு மீட்டருக்கு மேல் இருக்கும் நம் ஹைதராபாத்துக்கும் உயரக் கணக்கு கடலில்தான் ஆரம்பிக்கிறது.

கடலே இல்லாத இந்த ஊருக்குக் கடல் வரைபடம் எதற்கு என்று கேட்கலாம். இங்கே பிரகதி நகர் பக்கம் இருக்கும் 'இன்காய்ஸ்' என்ற தேசியக் கடல் தகவல் மையத்திலிருந்துதான் 2007 அக்டோபர் முதல் நாடு முழுவதற்கும் சுனாமி எச்சரிக்கை போகிறது. அதற்கு அடிப்படை, கம்ப்யூட்டரில் ஏற்றிய கரைக்கோடும் கடல் ஆழமும்தான்.

முதலில் கரைக்கோடு. செயற்கைக்கோள் படத்தைத் திரையில் வைத்து, கரையோரமாகப் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொண்டே போனால் சாப்ட்வேர் அவற்றைக் கோடாக இணைத்துவிடும். ஆனால் எது கரை? ஓதம் ஏறும்போது ஒரு கரை, இறங்கும்போது வேறு கரை. கடல் வரைபடங்களில் உயர் ஓத எல்லையைக் கரையாகக் கொள்வது வழக்கம். படம் எடுத்த நேரத்தில் ஓதம் எப்படி இருந்தது என்று பாராமல் வரைந்தால் கோடு தவறிவிடும்.

அடுத்தது அளவுகோல். இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516.6 கி.மீ. என்று நாம் படித்தோம். 2023-24இல் மறுபடி கணக்கிட்டபோது அது 11,098.81 கி.மீ. ஆனது. தமிழ்நாட்டின் கரை 906.9இலிருந்து 1,068.69 கி.மீ. ஆயிற்று. கடல் வளர்ந்துவிடவில்லை. முன்பு ஒன்றுக்கு 45 லட்சம் என்ற அளவில் இருந்த வரைபடத்தில் அளந்தார்கள். இப்போது ஒன்றுக்கு இரண்டரை லட்சம். முன்பு விடுபட்ட கழிமுகங்களும் வளைவுகளும் இப்போது கணக்கில் சேர்ந்தன.

மூன்றாவது ஆழம். கப்பலிலிருந்து கீழே ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பார்கள். கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். போய்வர இரண்டு வினாடி ஆனால் ஆழம் 1,500 மீட்டர். இப்படி அளந்த எண்களை ஏற்றினால், 10 மீட்டர், 20 மீட்டர் என்று ஒரே ஆழமுள்ள இடங்களை இணைத்து சாப்ட்வேர் கோடு போடும். காண்டூர் என்பது இதுதான்.

கவனம் வேண்டிய இடம் இங்கேதான். நிலத்தின் உயரத்துக்குச் சுழி சராசரி கடல் மட்டம். கடல் ஆழத்துக்குச் சுழி தாழ் ஓத மட்டம். இரண்டையும் சரிசெய்யாமல் ஒட்டினால் கரையோரத்தில் பொய்யான ஒரு படி விழும். இரு பக்கமிருந்தும் பாதை போட்டு வருகிறவர்கள் வேறு வேறு மட்டத்தை வைத்துக்கொண்டால் தண்டவாளம் நடுவில் சேருமா? அதே கதைதான்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று நினைக்கக் கூடாது. சுனாமி 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் வரும். 10 மீட்டர் ஆழத்தில் வேகம் 36 கி.மீ. ஆகக் குறைந்து, அலை உயர்ந்து எழும். கரையோர ஆழம் தப்பானால் அலை வரும் நேரமும் உயரமும் தப்பாகும். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் பூமி அதிர்ந்து, நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. சொல்வதற்குத்தான் அன்று நம் நாட்டில் சுனாமி மையம் இல்லை. நாகப்பட்டினம் ஆயிரக்கணக்கான உயிர்களை இழந்தது.

வீட்டுப் பிள்ளைகள் 'க்யூஜிஐஎஸ்' என்ற இலவச சாப்ட்வேரில் இதைச் செய்து பார்க்கலாம். 'ஜெப்கோ' என்ற உலகக் கடல் ஆழத் தொகுப்பும் இலவசம். அதில் ஒரு கட்டம் சுமார் 450 மீட்டர். பயிற்சிக்குப் போதும், கரையோர எச்சரிக்கைக்குப் போதாது. நாகையிலிருந்து கோடியக்கரை வரை வரையச் சொல்லுங்கள். படத்தின் மூலையில் தேதி, ஓதம், அளவுகோல், எந்தச் சுழி என்ற நான்கையும் எழுதப் பழக்குங்கள். அவை இல்லாத கோடு எத்தனை அழகாக இருந்தாலும் அதை நம்பி யாரும் முடிவெடுக்க முடியாது.