எஞ்சினுக்குள் ஒரு மூளை – 12: பொய்ச் சாட்சி

காற்றின் அளவு, குளிர்நீரின் வெப்பம், புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜன் ஆகியவற்றைச் சென்சார்கள் எப்படி வோல்ட்டேஜாக மாற்றுகின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். எஞ்சினின் மூளையான ஈசியூ எஞ்சினை நேரில் பார்ப்பதில்லை. சாட்சிகள் சொல்வதை வைத்துத் தீர்ப்பு எழுதும் நீதிபதி அது. சாட்சியை மாற்றினால் தீர்ப்பும் மாறும்.

1990-களில் ஜப்பானிய டர்போ கார்களை முடுக்கியவர்கள் இந்த வழியில்தான் இறங்கினார்கள். ஈசியூவின் சிப்பில் இருக்கும் புரோகிராமைத் திருத்துவது கடினம். சென்சார் வயரை வெட்டி நடுவில் ஒரு சர்க்யூட்டைச் செருகுவது சுலபம்.

டர்போவின் அழுத்தம் எல்லை மீறினால் எஞ்சினைக் காக்க ஈசியூ பெட்ரோலை நிறுத்திவிடும். எச்கேஎஸ் நிறுவனம் விற்ற ‘ஃபியூயல் கட் டிஃபெண்டர்’ அழுத்தச் சென்சாரின் வோல்ட்டேஜை எல்லைக்குக் கீழேயே பிடித்துவைத்தது. அழுத்தம் ஏறியது ஈசியூவுக்குத் தெரியவே தெரியாது.

அடுத்தது பெரிய இன்ஜெக்டர். 30 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரை மாட்டினால், வருகிற காற்றைச் சுமார் 23 சதவீதம் குறைத்துச் சொல்ல வேண்டும். அப்போதுதான் கலவை பழைய அளவில் நிற்கும். ஆனால் காற்று இரட்டித்தால் வோல்ட்டேஜும் இரட்டிக்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது. அதனால் நடுவில் செருகிய சர்க்யூட்டின் மைக்ரோகன்ட்ரோலர் உள்ளே வரும் வோல்ட்டேஜை அளந்து, தன் அட்டவணையில் அதற்குரிய திருத்தத்தைத் தேடி, புதிய வோல்ட்டேஜை வெளியே தருகிறது. சர்க்யூட் செயலிழந்தால் அசல் சிக்னல் நேராகப் போகும்படி ஒரு ரிலே வைப்பது கைதேர்ந்தவர்களின் வழக்கம்.

இதில் இரண்டு சிக்கல்கள். முதலாவது, இன்னொரு சாட்சி. சீரான வேகத்தில் ஓடும்போது ஆக்ஸிஜன் சென்சார் 0.45 வோல்ட்டுக்கு மேலும் கீழுமாக ஆடி, கலவையில் காற்றும் பெட்ரோலும் 14.7-க்கு 1 என்ற விகிதத்தைச் சுற்றி நிற்கிறதா என்று காட்டிக்கொண்டே இருக்கும். காற்றின் அளவில் நீங்கள் சொன்ன பொய்யால் கலவை மாறினால், அதைப் பார்த்து ஈசியூ பெட்ரோலைத் திருத்திவிடும். ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்து, ஈசியூ அந்தச் சென்சாரைக் கேட்காத வேளையில்தான் பொய் அப்படியே எடுபடும்.

இரண்டாவது சிக்கல்தான் எஞ்சினை உடைப்பது. காற்றின் அளவை வைத்து ஈசியூ பெட்ரோலை மட்டும் முடிவு செய்வதில்லை. தீப்பொறியின் நேரத்தையும் அதை வைத்தே குறிக்கிறது. காற்று குறைவு என்றால் சுமை குறைவு என்று எடுத்துக்கொண்டு தீப்பொறியை முன்கூட்டியே விடும். உண்மையில் சிலிண்டருக்குள் டர்போ திணித்த காற்று இருக்கிறது. நாக்கிங் எடுக்கும், கவனிக்காவிட்டால் பிஸ்டன் போகும். பெட்ரோலுக்காகச் சொன்ன பொய்யை இக்னிஷனும் நம்பியதன் விலை அது.

மைலேஜ் ஆசையில் ஆக்ஸிஜன் சென்சாரின் சிக்னலையே திரிப்பவர்களும் உண்டு. கலவையில் பெட்ரோல் குறைந்தால், 14.7-ஐ ஒட்டியே முழுத் திறனோடு வேலை செய்யும் மூவழி கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் நைட்ரஜன் ஆக்ஸைடுகளைக் கோட்டைவிடும். மாசுக் கட்டுப்பாட்டைச் செயலிழக்கச் செய்யும் கருவிகளை அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் தடை செய்கிறது.

ஆகவே சிக்னலைத் திருத்துகிறவர், அந்த ஒரு வயரை நம்பி ஈசியூ எடுக்கும் முடிவுகள் அத்தனையையும் முதலில் பட்டியலிட வேண்டும். அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போவதைப் பார்த்துச் சலித்தவர்கள், நீதிபதியையே மாற்றிவிடலாம் என்று கிளம்பினார்கள். 2001-இல் பிறந்த ‘மெகாஸ்க்விர்ட்’ என்ற, வீட்டிலேயே சால்டர் செய்து கட்டிக்கொள்ளும் ஈசியூவின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)