கட்டைவிரல் தேடும் பொத்தான்

2023-இன் பிற்பகுதியில் ஃபிட்பிட் செயலியின் புதிய பதிப்பைத் திறந்தவர்கள் திரையின் அடியில் வேறொரு வரிசையைக் கண்டார்கள். அதுவரை அங்கே ‘டுடே’, ‘டிஸ்கவர்’, ‘கம்யூனிட்டி’, ‘பிரீமியம்’ என நான்கு பொத்தான்கள் இருந்தன. இப்போது மூன்றுதான்: ‘டுடே’, ‘கோச்’, ‘யூ’. நடந்த அடிகள், இதயத் துடிப்பு, தூங்கிய நேரம் எல்லாம் உள்ளேதான் இருந்தன. அவற்றுக்குப் போகும் வழி மட்டும் மாறியிருந்தது. அதற்கே புகார்கள் குவிந்தன.

ஒரு மெனுவை மாற்றியதற்கா இவ்வளவு கோபம் என்று தோன்றலாம். ஆனால் உடற்பயிற்சிச் செயலியில் மெனு என்பது அலங்காரம் அல்ல. உடலைப் பற்றிய எந்தத் தகவல் முதலில் கண்ணில் படும், எது மூன்று தட்டுகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும் என்று முடிவு செய்வது அதுதான். அந்த முடிவை எப்படி எடுக்கிறார்கள், அதற்கு வரும் எதிர்வினையை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பது தனி ஒரு கைவினையாகவே வளர்ந்திருக்கிறது.

விரல் எட்டும் இடம்

2007-இல் வந்த முதல் ஐஃபோனின் திரை 3.5 அங்குலம். ஒரு கையில் பிடித்தபடியே கட்டைவிரலால் திரை முழுவதையும் தொட்டுவிடலாம். 2014-இல் ஐஃபோன் 6 பிளஸ் 5.5 அங்குலத் திரையோடு வந்தபோது மேல் மூலைகள் விரலுக்கு எட்டாமல் போயின. அதற்கு முந்தைய ஆண்டே ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் தெருவிலும் விமான நிலையத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் மக்கள் ஃபோனை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துவந்தார். மொத்தம் 1,333 பேர். அவர்களில் திரையைத் தொட்டுப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களில் 49 சதவீதத்தினர் ஒற்றைக் கையிலேயே காரியத்தை முடித்தார்கள்.

முக்கியமான பொத்தான்கள் இன்று திரையின் அடியில் இருப்பதற்கு இது ஒரு காரணம். இதற்கு அடிப்படையான விதி இன்னும் பழையது. இலக்கு பெரிதாகவும் அருகிலும் இருந்தால் கை அதை விரைவில் அடையும் என்பதை அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் கணிதச் சூத்திரமாகவே எழுதிவிட்டார். தொடக்கூடிய எதுவும் குறைந்தது 44 புள்ளி அகலமும் உயரமும் கொண்டிருக்க வேண்டும் என்று ஆப்பிள் சொல்கிறது; ஆண்ட்ராய்டில் கூகுள் 48 அலகு கேட்கிறது. பெயரும் இடைவெளியும் சேர்த்து அந்த அளவில் வைத்தால் ஃபோனின் கீழ்ப்பட்டையில் ஐந்து பொத்தான்களுக்கு மேல் வசதியாக நிற்காது. மூன்று முதல் ஐந்து வரை என்பதே கூகுளின் வழிகாட்டுதலும்.

ஐந்தில் அடங்காதவை எங்கே போகும்? பெரும்பாலும் மூன்று கோடு போட்ட சின்னத்துக்குள். அந்தச் சின்னத்தை 1981-இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக வரைந்தவர் நார்ம் காக்ஸ். இடத்தை மிச்சப்படுத்தும் என்பதால் ஃபோன்களில் அது பரவியது. ஆனால் 2016-இல் பயனர் அனுபவத்தை ஆராயும் நீல்சன் நார்மன் குழு 179 பேரை வைத்துச் சோதித்தபோது, மெனுவை ஒளித்துவைத்தால் உள்ளே இருப்பதை மக்கள் கண்டுபிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைவது தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத வசதி பலருக்கு இல்லாத வசதிதான்.

ஓடும்போது ஒருவர், ஓடி முடித்தபின் வேறொருவர்

வங்கிச் செயலியைத் திறப்பவர் பெரும்பாலும் ஓரிடத்தில் நின்றோ உட்கார்ந்தோ இருப்பார். உடற்பயிற்சிச் செயலிக்கு அந்த வசதி கிடையாது. ஒரே ஆள் அதை மூன்று நிலைகளில் தொடுகிறார்: கிளம்பும் முன் அவசரத்தில், ஓடும்போது மூச்சு வாங்கியபடி, முடித்தபின் ஆற அமர உட்கார்ந்து. நடுவில் உள்ள நிலைதான் கடினம். இன்றைய தொடுதிரைகள் விரலின் மின்தன்மையைக் கொண்டே தொடுதலை உணர்கின்றன. வியர்வைத் துளி திரையில் விழுந்தால் அதையும் விரலென்று எடுத்துக்கொள்ளலாம், உண்மையான விரலைத் தவறவும் விடலாம். எனவே ‘தொடங்கு’, ‘நிறுத்து’ இரண்டும் பெரிதாக, தனித்து, தப்பிப் போகாத இடத்தில் இருந்தாக வேண்டும்.

ஓட்டக்காரர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் பயன்படுத்தும் ஸ்ட்ராவா இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அதன் கீழ்ப்பட்டையில் ஐந்து பொத்தான்கள். நட்டநடுவில் பயிற்சியைப் பதியத் தொடங்கும் ‘ரெக்கார்ட்’. வலக்கைக்காரர், இடக்கைக்காரர் இருவருக்கும் அது ஒரே தூரம். கார்மின் செயலியின் நிலை வேறு. பயிற்சியைக் கைக்கடிகாரமே பதிந்துவிடுவதால் செயலியின் வேலை பெரும்பாலும் அதன்பிறகுதான் தொடங்குகிறது. காட்ட வேண்டிய தகவலோ ஏராளம். அதனால் கீழ்ப்பட்டையின் கடைசியில் ‘மோர்’ என்றொரு பொத்தான் வைத்து, மிச்சத்தையெல்லாம் அதற்குள் நீண்ட பட்டியலாக அடுக்கியிருக்கிறார்கள்.

பயன்படுத்துபவர்களும் ஒரே வகையினர் இல்லை. மாரத்தானுக்குத் தயாராகும் இளைஞருக்குக் கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்பது வேண்டும். இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மெல்ல நடக்கத் தொடங்கியவருக்கு நாடித் துடிப்பு வேண்டும். மாதவிடாய்ச் சுழற்சியைக் குறித்துவைக்கும் பெண்ணுக்கு வேண்டியது நாள்காட்டி. நான்கைந்து பொத்தான்களுக்குள் இவர்கள் எல்லாருக்கும் இடம் தேட வேண்டும்.

புகாரைப் பிரித்துப் படிப்பது

அம்மாவின் அஞ்சறைப்பெட்டியில் கடுகும் சீரகமும் இடம் மாறினால் அவர் கை முதலில் தவறும். புதிய வரிசை பழையதைவிடச் சிறந்ததாகவே இருந்தாலும் முதல் சில நாட்கள் எரிச்சல்தான். மெனுவை மாற்றும்போது நடப்பதும் இதுவே. ஆயிரம் முறை ஒரே இடத்தைத் தொட்டுப் பழகிய விரல், யோசிக்காமலே அங்கே போகும். அந்தப் பழக்கம் பயனர் உழைத்துச் சேர்த்த சொத்து. புதிய பதிப்பு அதை ஒரே நாளில் செல்லாததாக்கிவிடுகிறது.

கூகுளில் பணியாற்றிய ஆரன் செட்லி, ஹென்ட்ரிக் முல்லர் ஆகியோர் கூகுள் டிரைவ் அறிமுகமான அனுபவத்தை வைத்து இந்த மாற்ற வெறுப்பைப் பற்றி 2013-இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார்கள். மாற்றத்தை முன்கூட்டியே சொல்வது, விரும்பியவர் தானே மாறிக்கொள்ளவும் பழையதற்குத் திரும்பவும் இடம் கொடுப்பது, வரும் குறைகளைக் கேட்டுத் திருத்துவது போன்ற எளிய நடவடிக்கைகளே அந்த வெறுப்பை வெகுவாகத் தணிக்கும். திருப்தி முதலில் சரிந்து பிறகு மீண்டால் அது பழக்கத்தின் வலி. சரிந்தது சரிந்தபடியே கிடந்தால் வடிவமைப்பில்தான் கோளாறு.

சிக்கல் என்னவென்றால், இந்த இரண்டும் ஒரே குரலில் வருகின்றன. ‘பழையபடி மாற்றுங்கள்’ என்ற ஒரு வரிக்குள், கை பழகாத எரிச்சலும் இருக்கலாம், முன்பு ஒரே பார்வையில் கிடைத்த எண் இப்போது உள்ளே போய்விட்ட உண்மையான இழப்பும் இருக்கலாம். ஃபிட்பிட்டில் மூன்றாவது ஒன்றும் கலந்திருந்தது. நண்பர்களோடு அடிகளை எண்ணிப் போட்டியிடும் ‘சேலஞ்ச்’ வசதியை, ஃபிட்பிட்டின் உரிமையாளரான கூகுள் 2023 மார்ச் 27 அன்றே நிறுத்திவிட்டது. அதை இழந்தவருக்கு எந்த மெனுவும் ஈடாகாது.

சத்தமாக வரும் எதிர்ப்பு சில சமயம் எண்களிலும் தெரியும். ஸ்னாப்சாட் 2018 தொடக்கத்தில் தன் திரைகளை மாற்றி அடுக்கியபோது, பழையதைத் திருப்பிக் கேட்ட மனுவில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அந்த ஆண்டின் இரண்டாம் காலாண்டில் அன்றாடப் பயனர் எண்ணிக்கை 19.1 கோடியிலிருந்து 18.8 கோடியாகக் குறைந்தது. நிறுவனம் மாற்றத்தின் ஒரு பகுதியைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது.

கேட்பதோடு நிற்காமல் பார்ப்பது

புகாரைப் படித்தால் மட்டும் போதாது என்பதால் வேறு வழிகளும் உண்டு. செயலியில் உள்ள ஒவ்வொரு வசதியையும் ஓர் அட்டையில் எழுதிப் பயனர்களிடம் கொடுத்து, ‘ஒன்றோடொன்று சேர்ந்தவற்றைக் குழுவாக்குங்கள்’ என்பது ஒரு முறை. தூக்கப் பதிவை உடல்நலத்தோடு சேர்ப்பாரா, அன்றாடக் கணக்கோடு சேர்ப்பாரா என்பது அதில் தெரிந்துவிடும். மற்றொன்றில் வண்ணமோ படமோ இல்லாத வெறும் தலைப்புகளை மட்டும் காட்டி, ‘போன வாரம் எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்று பார்க்க எங்கே போவீர்கள்?’ என்று கேட்பார்கள். எந்தக் கிளையில் பலரும் வழி தவறுகிறார்களோ அங்கே பெயர் சரியில்லை என்று பொருள். மூன்றாவது, ஒரு வேலையைச் செய்யச் சொல்லி, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லவைப்பது. ஐபிஎம்மில் இருந்த கிளேட்டன் லூயிஸ் 1982-இல் இந்த முறையைக் கணினி உலகுக்குக் கொண்டுவந்தார்.

இதற்குப் பெருங்கூட்டம் தேவையில்லை. ஒரு பயனரைப் பார்த்தாலே சராசரியாக 31 சதவீதக் குறைகள் வெளிப்படும், ஐந்து பேரைப் பார்த்தால் 85 சதவீதம் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் கணக்கிட்டார்கள். ஐவரும் ஒரே மாதிரியான பயனர்கள் என்றால்தான் இந்தக் கணக்கு செல்லும். ஓட்டக்காரர்கள் ஐந்து பேரைப் பார்த்துவிட்டு, எழுபது வயதுக்காரரின் சிரமத்தையும் அறிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

எந்தப் பொத்தான் எத்தனை முறை தொடப்படுகிறது என்ற பதிவேடும் நிறுவனங்களிடம் உண்டு. அதைத் தனியே நம்பினால் ஆபத்து. மருத்துவரிடம் காட்டுவதற்காக மூன்று மாத இதயத் துடிப்பு அறிக்கையை எடுப்பவர் அந்தப் பொத்தானை ஆண்டுக்கு நான்கு முறைதான் தொடுவார். அடி எண்ணிக்கையையோ நாளுக்குப் பத்து முறை பார்ப்பார். எண்ணிக்கையை மட்டும் பார்த்து முன்னதை மூலைக்குத் தள்ளினால், அவருக்கு மிகவும் வேண்டிய நாளில் அது கிடைக்காது.

திரும்பிப் போக வழி

ஒலிபெருக்கி நிறுவனமான சோனோஸ் 2024 மே மாதம் தன் செயலியை முழுதும் மாற்றி வெளியிட்டது. அலாரம் வைப்பது உட்படப் பல பழைய வசதிகள் முதல் நாளில் அதில் இல்லை. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் வசதியிலும் குறைகள் இருந்தன. பழைய செயலிக்குத் திரும்ப எளிய வழி இல்லை. திருத்தும் செலவு 2 முதல் 3 கோடி டாலர் வரை ஆகும் என்று நிறுவனமே மதிப்பிட்டது. தலைமைச் செயல் அதிகாரி 2025 ஜனவரியில் பதவி விலகினார்.

ஃபிட்பிட்டும் மறுபடி மாறத் தொடங்கியது. 2025-இல் கூகுள் அறிவித்த புதிய வடிவில் பொத்தான்கள் நான்கு: ‘டுடே’, ‘ஃபிட்னஸ்’, ‘ஸ்லீப்’, ‘ஹெல்த்’. ‘யூ’ என்ற பொத்தானுக்குள் என்ன இருக்கும் என்று ஊகிக்க வேண்டியிருந்தது. ‘ஸ்லீப்’ என்றால் தூக்கம்தான். இந்த முறை எல்லாருக்கும் ஒரே நாளில் தரவில்லை. அக்டோபரில் அமெரிக்காவின் கட்டணப் பயனர்களில் ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு முன்னோட்டமாகத் திறந்துவிட்டு, அவர்கள் கருத்தைக் கேட்கத் தொடங்கினார்கள்.

அப்படிக் கருத்து கேட்கும்போது வடிவமைப்பாளர்களுக்கு உதவும் பதில் ஒன்று உண்டு. ‘புதியது மோசம்’ என்ற வரியிலிருந்து அவர்களால் எதையும் எடுக்க முடியாது. எந்த வேலைக்காகத் திறந்தேன், முதலில் எந்தப் பொத்தானைத் தொட்டேன், அங்கே என்ன இருக்கும் என்று நினைத்தேன், கடைசியில் எங்கே கிடைத்தது என்ற நான்கும் இருந்தால் பழக்கத்தின் வலியையும் வடிவத்தின் குறையையும் பிரித்துவிடலாம். கூடவே வயது, கண்பார்வை, எந்தக் கையால் ஃபோனைப் பிடிக்கிறார் என்பதையும் ஒரு வரியில் சேர்த்தால், அடுத்த பதிப்பில் எந்தப் பொத்தானை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும் மேசையில் அந்தப் புகாருக்கு ஓர் இடம் கிடைக்கும்.