தெருச் செலவில் நம் பங்கு எவ்வளவு?



பாதாளச் சாக்கடைக்குக் குழி தோண்டினால் கடை வாசலில் மாதக்கணக்கில் மண்மேடு கிடக்கும். வாடிக்கையாளர் தாண்டி வரமுடியாது. அதையும் பொறுத்துக்கொள்கிறோம். ஆனால் டெபாசிட் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்ததும், "எதிர்வீட்டுக்கு அவ்வளவு, எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு?" என்று கேட்காத கடைக்காரர் இல்லை. கேள்வி நியாயமானதுதான். 2021-இல் காஞ்சிபுரம் மாநகராட்சியானது. நகரம் வளர வளர ஏனாத்தூர் போன்ற பக்கத்து ஊர்க்காரர்களும் இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில், சொத்து வரி வேறு, தெரு வேலைக்கான பங்குத்தொகை வேறு. சொத்து வரி ஊர் முழுமைக்குமான பொதுச் செலவுக்கு. கட்டடத்தின் பரப்பு, அது இருக்கும் இடம், அதன் உபயோகம் ஆகியவற்றைப் பார்த்து விதிக்கிறார்கள். 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தபோது, சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம் ஏறியது. வணிகக் கட்டடத்துக்கு 100 சதவீதம் ஏறியது. நமக்கு அடி பலமாக விழுந்தது அங்கேதான். பங்குத்தொகை அப்படியல்ல. குறிப்பிட்ட வேலைக்கு, அந்த வேலையால் பலன் பெறுகிறவர் மட்டும் கட்டுவது அது.

இதைப் பங்கிட உலகில் சில வழிகள் உண்டு. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் மனையின் முகப்பு எத்தனை அடி என்று அளந்து சாலைச் செலவைப் பிரிப்பார்கள். குழாயும் சாலையும் தெருவின் நீளத்துக்குப் போவதால், கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மூலைக்கடைக்காரருக்கு இரண்டு தெருவிலும் முகப்பு. இரண்டு பக்கமும் முழுத்தொகை கேட்டால் அவர் கதி என்ன? அதனால் அங்கே பல ஊர்களில் மூலை மனைக்குச் சலுகை தருகிறார்கள். பரப்பை வைத்துப் பிரித்தால் மண்டிக்காரருக்கு நஷ்டம். ஐந்நூறு மூட்டை அரிசி அடுக்கிய கிடங்கில் ஒரே ஒரு குழாய் இருக்கும். அதுவும் கை கழுவ.

மூன்றாவது வழி, உபயோகத்தைப் பார்ப்பது. இதற்கு நம் மாநிலத்திலேயே பேர்போன உதாரணம் ஆலந்தூர். 1996-இல் ஆர்.எஸ். பாரதி நகராட்சித் தலைவரானபோது அங்கே பாதாளச் சாக்கடை கிடையாது. திட்டச் செலவு சுமார் 34 கோடி ரூபாய். கடனும் மானியமும் போக, கால் பங்குக்கு மேல் மக்களிடமே டெபாசிட்டாக வாங்குவது என்று முடிவாயிற்று. வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிக இடத்துக்கு 10,000 ரூபாய். இணைப்பு வந்தபின் மாதக் கட்டணம் வீட்டுக்கு 150, வணிகத்துக்கு 450, தொழிற்சாலைக்கு 750. பணம் கேட்பதற்கு முன்பே, மக்களுக்கு விருப்பம் உண்டா, எவ்வளவு கட்டுவார்கள் என்று கணக்கெடுப்பு நடத்தினார்கள். குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டிப் பேசினார்கள். வசூலான பணத்தை நகராட்சியின் மற்றச் செலவோடு கலக்காமல் தனிக்கணக்கில் வைத்தார்கள். 2000-இல் வேலை தொடங்கியது. குழி தோண்டுவதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் பணம் கட்டியிருந்தார்கள் என்பதுதான் அதிசயம். என் கருத்தில், தொகையைவிட அந்தத் தனிக்கணக்குதான் முக்கியம். போட்ட பணம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் வியாபாரி கட்டுவான்.

ஆலந்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. அந்த முறையிலும் குறை இல்லாமல் இல்லை. சின்ன வீட்டுக்கும் பெரிய பங்களாவுக்கும் ஒரே 5,000. அதனால் பிற்பாடு பல ஊர்களில் கட்டடப் பரப்புக்கு ஏற்பப் படிப்படியாக டெபாசிட் வைத்தார்கள். 'வணிகம்' என்ற ஒரே சொல்லில் நம்மை எல்லாம் அடக்கியதும் சரியல்ல. நாளெல்லாம் இலையும் பாத்திரமும் கழுவும் ஹோட்டலும், சாயங்காலம் ஒரு குடம் தண்ணீர் தெளிக்கும் மளிகைக் கடையும் சாக்கடைக்கு ஒரே அளவு கழிவுநீரா விடுகின்றன? தண்ணீர் செலவாகும் தொழில், செலவாகாத தொழில் என்று இரண்டாகப் பிரிக்கச் சொல்லி நம் சங்கம் மனு கொடுக்கலாம். டெபாசிட் தொகையை மன்றத்தில் தீர்மானிப்பதற்கு முன் கொடுக்கவேண்டும். பின்னால் கொடுத்துப் பயனில்லை.

வாடகைக் கடைக்காரர்களுக்கு ஒன்று. டெபாசிட் கட்டடத்தோடு போவது. நாம் கடையைக் காலி செய்தாலும் இணைப்பு கட்டடத்தில்தான் இருக்கும். ஆகவே அதைச் சொந்தக்காரர் கட்டுவதே முறை. மாதக் கட்டணம் மட்டும் உபயோகிப்பவருடையது. "முதலில் நீங்க கட்டுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அவர் சொன்னால், கட்டிய தொகையை அட்வான்ஸோடு சேர்த்து ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

நோட்டீஸ் வந்தவுடன் பணத்தோடு ஓடவும் வேண்டாம், மேஜைக்குள் போட்டு மறக்கவும் வேண்டாம். அதில் பரப்பு எத்தனை சதுர அடி, உபயோகம் வீடா கடையா கிடங்கா என்று முதலில் பாருங்கள். பின்பக்க வீட்டையும் சேர்த்துக் கடை என்று பதிந்திருக்கக்கூடும். டேப் வைத்து அளந்து, வேறுபாடு இருந்தால் கெடுவுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுத்து, நகலில் முத்திரையோடு ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.